மாரியையும் கச்சானையும் தாங்கும் பசுங்கூரை: திருகோணமலைக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரில் மாடிவீட்டின் மேல் அறையில் வைகாசி முதல் ஆவணி வரை பகலில் படுப்பது இயலாத காரியம். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் வெறும் கொங்கிறீட் கூரையின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். பகல் முழுவதும் உள்வாங்கிய வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பின்னரும் நெடுநேரம் கீழே அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைச் சுற்றிவிடுமே தவிரக் குறைக்காது. இதே கூரையின் மீதுதான் ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்றோடு மாரிமழை கொட்டுகிறது. நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடும்.

பசுங்கூரை வேண்டும் என்ற எண்ணம் வெயிலில்தான் பிறக்கிறது. ஆனால் தவறாக அமைத்த பசுங்கூரை கெடுவது மழையில். வெயிலில் செடி காய்ந்தால் அடுத்த மழைக்கு மறுபடி நடலாம். தேங்கிய நீர் கொங்கிறீட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரை கழன்று விழத் தொடங்கினால் அதைச் சீர்செய்வதற்குச் செலவாகும் பணத்தில் புதிய கூரையே போட்டுவிடலாம். ஆகையால் இந்த வழிகாட்டியில் பாரமும் வடிகாலும் முன்னே வருகின்றன. செடிகளைப் பற்றிய பேச்சு பின்னே வருகிறது.

எது பசுங்கூரை?

மொட்டைமாடியில் பூச்சாடிகளையும் உரப்பைகளையும் வரிசையாக வைத்துக் கத்தரியும் மிளகாயும் வளர்ப்பது மாடித்தோட்டம். அது நல்ல காரியமே. ஆனால் சாடிகளுக்கு இடையில் கொங்கிறீட் வெயிலில் கிடக்கும்வரை வீட்டின் வெப்பம் பெரிதாகக் குறையாது. பசுங்கூரை என்பது கூரைத்தளத்தின் மீதே நீர்த்தடுப்புப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, வளர்ப்பு ஊடகம் (மண்ணுக்குப் பதிலாகச் செடி வேர்விடும் கலவை), செடி என்று அடுக்கடுக்காக அமைத்துத் தளத்தை மூடிவிடுவது. செடியின் நிழலும், இலையும் ஊடகமும் வெளிவிடும் ஈர ஆவியும் சேர்ந்து மேற்பரப்பின் வெப்பநிலையை வெறும் கூரையைவிட 20 பாகை அளவுக்குக் குறைக்கக்கூடும்.

ஊடகத்தின் தடிப்பைக் கொண்டு இதை மூன்றாக வகுப்பார்கள். 6 முதல் 15 சென்ரிமீற்றர் வரையிலான மெலிந்த கூரை, நீரில் ஊறிய நிலையில் சதுர மீற்றருக்கு 60 முதல் 150 கிலோகிராம் வரை பாரம் தரும். 12 முதல் 25 சென்ரிமீற்றர் வரையிலான நடுத்தரக் கூரையின் பாரம் 120 முதல் 200 கிலோகிராம். அதற்கு மேற்பட்டது, சிறு மரங்களையும் நடைபாதையையும் தாங்கும் தடித்த கூரை. அது 180 இல் தொடங்கி 500 கிலோகிராம் வரையும் அதற்கு அப்பாலும் செல்லும். இந்த எண்கள் ஐரோப்பாவின் இலேசான எரிமலைக்கல் ஊடகங்களை வைத்துச் சொல்லப்படுபவை. நம் ஊரில் கிடைக்கும் பொருள்கள் சற்றுக் கனமானவை என்பதால் ஒவ்வொரு வகையிலும் மேல் எல்லையை வைத்தே கணக்கிட வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு மெலிந்த வகையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதற்படி: கூரையை வாசித்தல்

ஓடு, தகரம், அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட வீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றின் சட்டங்கள் இந்தப் பாரத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் ஏறி நடப்பதே ஆபத்து. அதைத் துளைத்து எதையும் பொருத்துவது சுவாசத்துக்கும் கேடு. எஞ்சுவது தட்டையான கொங்கிறீட் தளம் உள்ள வீடுகளும் கடைகளும் பாடசாலைகளும் விடுதிகளும்.

நம் ஊர் மாடிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெரியவனானால் மேலே ஒரு தட்டு எடுக்கலாம் என்று தூண்களின் கம்பியை வெளியே நீட்டி விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்றில் நின்ற அந்தக் கம்பிகளைக் கையால் உரசிப் பார்த்தால் செதில் செதிலாகத் துரு உதிரும். கம்பி தூணுக்குள் நுழையும் இடத்தில் மயிரிழைப் போன்ற வெடிப்பு தெரியும். மழைநீர் அந்த வழியாகவே உள்ளே போகிறது. ஆனால் இத்தகைய தளத்தில் ஒரு நன்மையும் உண்டு. அது கூரையாக அன்றி மேல்மாடியின் தரையாக எண்ணிக் கட்டப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் அதன் தாங்குதிறன் கூடுதலாக இருக்கும். வரைபடத்தையும் தளத்தையும் பார்த்து அதை உறுதிசெய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியியலாளர். மேசனின் அனுபவ வார்த்தை இந்த ஒரு விடயத்தில் போதாது.

பொறியியலாளரை அழைக்குமுன் வீட்டுக்காரர் தாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. கீழ் அறையில் நின்று கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கறை, வெள்ளைப் பொரிவு, கம்பியின் ஓட்டத்தை ஒட்டி நீளவாக்கில் செல்லும் வெடிப்பு, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் காரை ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் முதல் வேலை பசுங்கூரை அன்று, திருத்த வேலையே. உப்புவெளி, அலஸ்தோட்டம், கடல்முக வீதி போலக் கடலை ஒட்டிய இடங்களில் இந்தச் சோதனையில் இரக்கம் காட்டக் கூடாது.

இரண்டாம் படி: பாரக் கணக்கு

மக்கள் ஏறி நடமாடக்கூடிய தட்டைக் கூரைக்கு, இலங்கையில் நீண்டகாலம் பின்பற்றப்பட்டுவரும் பிரித்தானிய நியமங்களின்படி, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் நகரும் பாரம் எண்ணப்படும். பலர் இந்த 150 ஐக் கேள்விப்பட்டதும் அது முழுவதையும் மண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த ஒதுக்கீடு மனிதருக்கும் பொருளுக்கும் உரியது. அதை ஊடகம் எடுத்துக்கொண்டால் அதன்பின் அந்த மாடியில் பிறந்தநாள் விருந்துக்கு ஐம்பது கதிரை போட முடியாது. தண்ணீர்த் தாங்கியையும் மறக்க வேண்டாம்: 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன், அது தூணுக்கும் வளைக்கும் மேலே இருக்க வேண்டுமேயன்றித் தளத்தின் நடுவில் இருக்கலாகாது.

ஊடகத்தின் உண்மையான பாரத்தை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. 10 லீற்றர் வாளியும் தராசும் போதும். வாளியின் அடியில் சில துளைகள் இட்டு, கலந்த ஊடகத்தை விளிம்புவரை நிரப்பி, நன்றாக ஊறும்வரை நீர் விட்டு, வடிந்தபின் நிறுங்கள். வாளியின் எடையைக் கழித்து வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், 10 சென்ரிமீற்றர் தடிப்பில் சதுர மீற்றருக்கு எத்தனை கிலோகிராம் என்பது வந்துவிடும். 12 கிலோகிராம் என்றால் 120. பிறகு துளைகளை அடைத்து, ஊடகத்தின் மேல்மட்டம்வரை நீர் நிற்க விட்டு மறுபடி நிறுங்கள். இந்த இரண்டாவது எண் வடிகால் அடைபட்ட மார்கழி இரவின் பாரம். பொறியியலாளரிடம் கொடுக்க வேண்டியது இந்த எண்ணையே.

தோட்டத்து மண்ணை அள்ளி மாடிக்கு ஏற்றுவோர் இதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். ஊறிய சாதாரண மண் 10 சென்ரிமீற்றருக்கே 180 முதல் 200 கிலோகிராம் வரும். 20 சென்ரிமீற்றர் போட்டால் அறையின் தலைக்கு மேலே சதுர மீற்றருக்கு 400 கிலோகிராம் நிற்கும்.

மூன்றாம் படி: நீர்த்தடுப்பு

கூரைத்தளத்துக்கு மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் வரை சரிவு இருக்க வேண்டும். இல்லாவிடின் சீமெந்துக் காரையால் அதை முதலில் உண்டாக்க வேண்டும். அதன் மேல் நீர்த்தடுப்புப் படலம். ஹாட்வெயார் கடைகளில் தூரிகையால் பூசும் கலவைகளும் நெருப்பால் உருக்கி ஒட்டும் தார்த் தகடுகளும் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் ஊடகத்தின் மேல்மட்டத்துக்கு மேலே 15 சென்ரிமீற்றர்வரை அதை ஏற்றி முடிக்க வேண்டும். கசிவு தளத்தின் நடுவில் உண்டாவதைவிடச் சுவர் ஓரத்திலும் குழாய் துளைத்த இடத்திலும்தான் அதிகம் உண்டாகும். தார்ப்படலத்தை வேர் துளைக்கும் என்பதால், அதன் மீது தடித்த பொலித்தீன் வேர்த்தடுப்பு கட்டாயம் வேண்டும். விவசாயத்துக்கு விற்கும் மெல்லிய கறுப்புப் பொலித்தீன் இதற்கு ஆகாது. அரை மில்லிமீற்றருக்குக் குறையாத தாளைப் பொருத்துவாய்களில் வெப்பத்தால் ஒட்ட வேண்டும்.

படலம் காய்ந்ததும் வடிகால் வாய்களை அடைத்து, 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்டி, இரண்டு நாள் விட்டுவைத்துக் கீழ் அறையின் கூரையைக் கவனிக்க வேண்டும். ஈரம் தோன்றும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அது விரிகிறதா என்று மறுநாள் பாருங்கள். நூறு சதுர மீற்றருக்கு 5,000 லீற்றர் நீர் தேவைப்படும். வரண்ட மாதத்தில் பவுசரில் எடுக்க வேண்டி வரலாம், செலவுதான். ஊடகம் ஏறியபின் கசிவைத் தேடுவதென்றால் தொன் கணக்கில் மண்ணை அள்ளி இறக்க வேண்டும் என்பதை நினைத்தால் அந்தச் செலவு பெரிதன்று. வேர்த்தடுப்பு விரிக்க வந்தவர்கள் சப்பாத்தோடும் கருவிகளோடும் நடந்து முடிந்த பின்னர் இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணைப் பணத்தை இரண்டாவது சோதனையுடன் இணைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: வடிகால்

மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரு மழை பெய்தால், 100 சதுர மீற்றர் கூரையில் அந்த ஒரு மணி நேரத்தில் 10,000 லீற்றர் நீர் விழுகிறது. நிறையில் பத்துத் தொன். ஊடகம் அதில் ஒரு பகுதியை மட்டுமே பிடித்துவைக்கும். அதுவும் மாரியின் முதல் மழைகளில்தான். நான்கு நாள் தொடர்மழைக்குப் பின் ஏற்கெனவே ஊறிப்போன ஊடகம் ஏறக்குறைய எதையும் பிடிக்காது. பசுங்கூரை வந்தால் நகரில் வெள்ளமே வராது என்று மேடையில் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். சிறு, நடுத்தர மழையின் முதல் ஓட்டத்தை அது தாமதப்படுத்தும். மார்கழி அடைமழையை அது தடுக்காது.

ஆகவே எவ்வளவு சிறிய கூரைக்கும் குறைந்தது இரண்டு வடிகால் வாய்கள் வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றது காக்கும். இரண்டும் அடைபட்டால் காப்பதற்கு, கைப்பிடிச் சுவரில் ஊடகத்தின் மேல்மட்டத்தை ஒட்டி ஒரு வழிவாய் வெட்டி, அதில் விழும் நீர் அயலவரின் சுவரில் அன்றி உங்கள் முற்றத்தில் கண்ணுக்குத் தெரியும்படி விழச் செய்ய வேண்டும். அந்த வாயில் நீர் கொட்டுவதைக் கண்டாலே மேலே ஏதோ அடைபட்டுள்ளது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கும்.

வடிகால் வாய் ஒவ்வொன்றையும் சுற்றி ஊடகமோ செடியோ இல்லாத 30 முதல் 50 சென்ரிமீற்றர் வரையிலான வெற்றிடம் விட்டு, அதில் கழுவிய சல்லிக்கல் இட வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டியும் அதே அகலத்தில் சல்லிப்பட்டி ஓட வேண்டும். அது நீருக்கும் வழி, பராமரிக்க வருபவர் நடப்பதற்கும் வழி. வாயின் மேல் பக்கங்களில் துளையிட்ட, மூடி திறக்கக்கூடிய ஒரு பெட்டி இருக்க வேண்டும். அந்த மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்க்க முடியாத வடிகாலைத் துப்புரவு செய்ய எவரும் வர மாட்டார்கள்.

செடிப்பகுதியின் கீழே வரும் வடிகால் அடுக்குக்கு, கிண்ணம் கிண்ணமாக உப்பிய பிளாஸ்டிக் விரிப்புகள் மிக இலேசானவை. கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும் பாரத்தில் மிச்சப்படுவது அதிகம். 5 சென்ரிமீற்றர் சல்லி போட்டால் அதுவே சதுர மீற்றருக்கு 80 கிலோகிராமுக்கு மேல் தின்றுவிடும். விரிப்பின் மேல் வடிதுணியாக, வீதி வேலைகளில் பயன்படும் ஜியோ துணி. அது இல்லாவிடின் ஊடகத்தின் நுண்துகள் கழுவப்பட்டு வடிகாலில் சேறாகப் படியும். வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கவிழ்த்து அடுக்கும் யோசனை இணையத்தில் உலாவுகிறது. நசிந்து பள்ளம் விழும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

நுளம்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2017 ஆம் ஆண்டு டெங்கு கிண்ணியாவையும் நகரையும் எப்படி ஆட்டியது என்பதை இம்மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஒழுங்காக வடியும் பசுங்கூரையில் நீர் திறந்த வெளியில் நிற்பதில்லை. ஊடகத்துக்கும் துணிக்கும் கீழே இருக்கும் நீரை நுளம்பு அடையாது. ஆபத்து இருப்பது ஓரங்களில்: பெட்டியின் மூடி, மறந்துபோன வாளி, சாடியின் கீழ்த்தட்டு, சரிவு தவறிய மூலை. பெட்டிக்குள் நுண்வலை இட்டு, கிழமைக்கு ஒருமுறை ஒருவர் சுற்றிவர வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் ஆண்டிலேயே மேலே அழைத்துக் காட்டிவிடுவது நல்லது. அவர் பின்னர் நோட்டீசுடன் வருவதைவிட இப்போது ஆலோசனையுடன் வரட்டும்.

ஐந்தாம் படி: வளர்ப்பு ஊடகம்

ஊடகத்தில் ஐந்தில் நான்கு பங்கு அழியாத கனிமப் பொருளாகவும் ஒரு பங்கு மட்டும் மக்கும் பொருளாகவும் இருப்பது நல்ல விகிதம். எருவைக் கூட்டினால் முதல் ஆண்டில் செழிக்கும். பின் மக்கித் தாழ்ந்து, களையும் பெருகி, வடியும் நீரும் தேநீர் நிறத்தில் இறங்கும்.

உள்ளூரில் இதற்கான பொருள்களுக்குப் பஞ்சமில்லை. உடைந்த செங்கல்லையும் பழைய ஓட்டையும் 2 முதல் 10 மில்லிமீற்றர் துண்டுகளாக நொறுக்கிச் சலித்தால், நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் இலேசான கனிமம் கிடைக்கும். இடித்த ஓட்டு வீடுகளின் ஓட்டுக்குவியல்கள் பல வளவுகளில் சும்மா கிடக்கின்றன. கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகளில் குவியும் உமியைக் கரியாக்கினால் மிக இலேசான ஊடகப்பொருள். தும்புத்தூள் நீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அளவு மீறினால் மாரியில் பாரம் கூடும், கோடையில் முழுதாக உலர்ந்துவிட்டால் மறுபடி நீரை ஏற்கத் தயங்கும். பத்துப் பங்கில் நொறுக்கிய ஓடு ஆறு, உமிக்கரி இரண்டு, தும்புத்தூள் ஒன்று, நன்கு மக்கிய கூட்டெரு ஒன்று என்று தொடங்கி, வாளிச் சோதனையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கடற்கரை மணலைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. அதிலுள்ள உப்பு செடிக்கும் கேடு, கம்பிக்கும் கேடு.

ஆறாம் படி: செடிகள்

ஐரோப்பியப் பசுங்கூரைப் படங்களில் காணும் சீடம் (Sedum) என்ற சதைப்பற்றுச் செடி வகைகள் குளிர்நாட்டுக்குரியவை; நம் மாரியின் ஈரத்தில் வேரழுகிப் போகும். எதை நடுவது என்பதற்குப் பாடம் வேண்டுமானால் நிலாவெளிக் கடற்கரையின் மணல்மேட்டையும், கன்னியாவுக்குப் போகும் வழியில் பாறை இடுக்குகளில் எது மண்ணே இல்லாமல் பிழைக்கிறது என்பதையும் பார்க்கலாம். பத்துமணிப்பூ, பருப்புக்கீரை, கற்பூரவள்ளி, கற்றாழை, பிரண்டை, மருள் ஆகியவை 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஊடகத்தில் கச்சானைச் சமாளிக்கும். இவற்றுள் சதைப்பற்றுள்ளவை பலவும் இரவில் இலைத்துளை திறந்து பகலில் மூடிக்கொள்ளும் இயல்பு உடையவை. ஆகையால் நீர்ச்செலவு குறைவு. கடலை ஒட்டிய கூரைகளுக்கு அடம்பன் கொடி உகந்தது. உப்பும் சூடும் அதற்குப் பழக்கம். மாதம் ஒருமுறை வெட்டி ஒழுங்குபடுத்தாவிடின் சல்லிப்பட்டியைக் கடந்து வடிகால் வாயை மூடிவிடும் என்பது மட்டுமே குறை.

சூரிய மின்தகடுகள் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியதில்லை. தகடு சூடேறச் சூடேற அதன் மின்னுற்பத்தி குறையும். கீழே செடி இருந்தால் சூடு சற்றுத் தணியும். தகட்டின் நிழலில், வெயிலில் நிற்க மாட்டாத வல்லாரையும் பொன்னாங்காணியும் வளரும். தகட்டுக் கால்களுக்காகத் தளத்தைத் துளைப்பதாயின் அது நீர்த்தடுப்புக்கு முன்னர் நடக்க வேண்டும்.

வெண்டியும் கத்தரியும் ஆழ மண் கேட்பவை. மெலிந்த கூரையில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். முருங்கை, வாழை, பப்பாசி, மரவள்ளி ஒன்றும் மேலே ஏறக் கூடாது. காகம் போட்டுவிட்டுப் போகும் விதையில் முளைக்கும் ஆலையும் அரசையும் இரண்டு இலை விடும்போதே பிடுங்க வேண்டும். பழைய கட்டடச் சுவர்களைப் பிளந்து நிற்கும் அரசைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. நகரத் தெருக்களில் உலாவும் மான்கள் நல்லவேளையாக மாடிப்படி ஏறுவதில்லை. கோட்டைப் பக்கத்தில் குடியிருப்போருக்கு ஆனால் குரங்குகளோடு ஓர் ஏற்பாடு தேவைப்படும். அவை பிடுங்கிப் பார்த்து எறிந்துவிட்டுப் போகும் கற்றாழையும் மருளும் அங்கே கீரையைவிடப் பாதுகாப்பானவை.

காலத்தையும் பார்க்க வேண்டும். நீர்த்தடுப்பும் சோதனைகளும் ஆனி, ஆடி, ஆவணியில் முடிய வேண்டும். புரட்டாசி இறுதியில் முதல் தூறல்களோடு நட்டு, ஊடகம் அடித்துச் செல்லாதபடி தும்பு வலை விரித்துவிட்டால், மாரி உச்சத்துக்கு வருமுன் வேர் பிடித்துவிடும். கார்த்திகையில் நடத் தொடங்குவது ஊடகத்தை வடிகாலுக்குள் தள்ளுவதற்குச் சமம்.

நீரும் காற்றும்

வரண்ட மாதங்களில், பச்சைப்பசேல் என்று வைத்திருக்க வேண்டிய கூரை சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 லீற்றர் நீர் கேட்கும். நூறு சதுர மீற்றருக்கு 400 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், கந்தளாயிலிருந்து குழாயில் வரும் குடிநீரை அதற்கு ஊற்றுவது நியாயமன்று. கரையோரக் கிணறுகளோ ஆவணியில் உவர்க்கத் தொடங்கும். என் கருத்து எளியது: சதைப்பற்றுள்ள செடிகளை நட்டு, கிழமைக்கு ஒருமுறை மட்டும் சொட்டு நீர் கொடுத்து, கூரை பழுப்பேறுவதை ஏற்றுக்கொள்ளுங்கள். பழுப்பேறிய கூரையிலும் ஊடகம் வெயிலைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். குளிரூட்டியிலிருந்து வடியும் நீரை ஒரு குழாயில் சேர்த்தால் சிறு கூரைக்கு அதுவே கணிசமான உதவி.

விடுதிகளின் நிலை வேறு. கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் சித்திரை முதல் புரட்டாசி வரை. அதாவது கூரை பழுப்பேறும் அதே மாதங்கள். பயணிகள் வரும்போது பச்சையும் வராதபோது வெள்ளமும் என்பதே உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் சிக்கல். சுத்திகரித்த கழிவுநீரைக் கூரைக்கு அனுப்பும் ஏற்பாட்டை முதலில் செய்துகொள்ளாத விடுதி இதில் இறங்க வேண்டாம்.

காற்றைப் பொறுத்தவரை, 2020 மார்கழி 2 ஆம் திகதி புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் அண்மையில் கரைகடந்ததை நினைவில் வைத்து வடிவமைத்தால் போதும். உறிஞ்சு விசை கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் அதிகம். அவ்விடங்களில் ஊடகத்துக்குப் பதிலாகக் கனமான கொங்கிறீட் பலகைகளைப் பதிக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் தனிச் சாடிகளைக் கீழே இறக்கி, வடிகால் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது கட்டாயம்.

நகரில் பரப்புவது எப்படி?

சிலர் பசுங்கூரையை அழகென்றும் சிலர் சுற்றுச்சூழற் கடமையென்றும் பேசிப் பரப்ப முயல்கிறார்கள். வீட்டுக்காரர் கேட்பது வேறு மூன்று கேள்விகள்: ஒழுகுமா, நுளம்பு வருமா, பாம்பு வருமா. முதல் இரண்டுக்கும் மேலே விடை இருக்கிறது. பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருவது. மாடியில் விறகும் பழைய சாமானும் குவித்து வைக்காவிடில் அதற்கு அங்கே வேலையில்லை. இந்த மூன்றுக்கும் நேரே விடை சொல்லாத துண்டுப்பிரசுரத்தை எவரும் வாசிப்பதில்லை.

பேச்சைவிட ஒரு கூரை நன்றாகப் பேசும். பாடசாலை ஒன்றின் அல்லது பொதுநூலகம் போன்ற ஒரு கட்டடத்தின் தளத்தில் பாதியை மட்டும் பசுமையாக்கி, மறுபாதியை வெறுமையாக விட்டு, இரண்டுக்கும் கீழே உள்ள அறைகளின் கூரை அடிப்பக்கத்தில் ஒவ்வொரு வெப்பமானியைப் பொருத்த வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் உயர்தர விஞ்ஞான மாணவர்கள் எடுக்கும் அளவீட்டை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தால் போதும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அளவீட்டைச் சரிபார்த்துத் தரக்கூடியவர்கள் ஊருக்குள்ளேயே உள்ளனர். முழுக் கூரையையும் ஒரேயடியாக மூடிவிட்டால் ஒப்பிட எதுவும் எஞ்சாது.

அடுத்தது மேசன்மார். இத்தொழில் நிலைப்பது அவர்கள் கையில். நீர்த்தடுப்பின் விளிம்பு எவ்வளவு உயர வேண்டும், வடிதுணி எங்கே மடிக்கப்பட வேண்டும் என்பதை ஒரு நாள் செய்முறைப் பயிற்சியில் காட்டிவிடலாம். ஓடு நொறுக்குதல், உமி கரித்தல், தும்பு வலை, நாற்று என்பவற்றை மாதர் சங்கங்கள் சிறு தொழிலாக எடுக்க முடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை மேடையில் சொல்பவர்கள் அதன் தண்டுக்கு ஒரு விலை கொடுத்து வாங்கினால் இன்னும் நல்லது.

கொள்கைக்கு முன்னுதாரணங்கள் பல உண்டு. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரம் 1990களில் மானியத்தோடு தொடங்கி, மக்களுக்குப் பழகிய பின்னர் 2002 இல் புதிய தட்டைக் கூரைகளுக்குப் பசுமையைச் சட்டமாக்கியது. தோக்கியோ 2001 இல் பெரிய வளவுகளில் எழும் புதிய கட்டடங்களிடம் பயன்படுத்தக்கூடிய கூரைப்பரப்பில் ஐந்திலொரு பங்கைக் கேட்டது. தொரொன்ரோவின் 2009 துணைவிதி 2,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களையே குறிவைத்தது. சிங்கப்பூர் 2009 முதல் அமைப்புச் செலவில் பாதிவரை பொறுப்பேற்றது. தோக்கியோவும் தொரொன்ரோவும் சிறு வீட்டுக்காரரிடமிருந்து தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நம் நாட்டில், அதுவும் வரண்ட வலயத்தில், ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் திறக்கப்பட்ட கந்தலம விடுதியின் தட்டைக் கூரைகள் உள்ளூர்ச் செடிகளால் மூடப்பட்டு நிற்கின்றன. அங்கே நாள்தோறும் பார்க்கத் தோட்டக்காரர்கள் உண்டு. வீட்டுக்கு அந்த வசதி இல்லை என்பதால் அதன் செழிப்பை அன்றிச் செடித்தேர்வையே பின்பற்ற வேண்டும்.

திருகோணமலையில் முதலில் கேட்கத்தக்கது சோலைவரியில், அதாவது உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதனவரியில், ஒரு கழிவு. அதுவும் செடி நட்டதற்காக அன்றி, இரண்டாவது நீர்ச்சோதனை தேறியதற்கும் புரட்டாசியில் வடிகால் துப்புரவு செய்ததற்குமான சான்றைக் காட்டினால் ஆண்டுதோறும் தரும் கழிவாக இருக்க வேண்டும். ஒருமுறை தரும் மானியத்தில் நட்ட கூரையை மூன்றாம் ஆண்டு எவரும் ஏறிப் பார்ப்பதில்லை.

சட்டமாகக் கேட்க வேண்டியது இன்னொன்று, மிகச் சிறியது. இன்று வரைபடமாக இருக்கும் ஒவ்வொரு புதிய பாடசாலைக் கட்டடமும் அரச அலுவலகமும் வணிகத் தொகுதியும், இப்போது பசுங்கூரை போடாவிட்டாலும், அதைத் தாங்கும்படி கணிக்கப்பட வேண்டும். கட்டி முடித்தபின் தளத்தை வலுப்படுத்துவது பெருஞ்செலவு. வரையும்போது அது சில கம்பிகளும் சற்றுத் தடிப்பான தளமும் மட்டுமே. ஆகவே அனுமதிக்கு வரும் கூரைத்தள வரைபடத்தில் மூன்று விபரங்களை உள்ளூராட்சி சபை வற்புறுத்தலாம்: சதுர மீற்றருக்கு 200 கிலோகிராம் மேலதிக நிலைப்பாரம் (தளத்தில் எப்போதும் நிற்கும் பாரம்), நூறு சதுர மீற்றருக்கு இரண்டுக்குக் குறையாத வடிகால் வாய்கள், கைப்பிடிச் சுவரில் அளவு குறித்த வழிவாய்.